உன் மாமா பார்த்த செங்கழுத்து நாரை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே நலமாகத்தான் இருக்கிறோம், பனி இறங்கும் நேரத்தில் மட்டும் என் முழங்கால் தான் ஒன்று இருப்பதை ஞாபகப்படுத்துகிறது, அதைப் போய் நலக்குறைவு என்று எழுதினால் உன் அம்மா சிரிப்பாள். நீயும் மாப்பிள்ளையும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கிக்கொண்டு இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் கொஞ்சம் சூடாக ஆரம்பித்தாலே நீ ‘சிக்னல் போகுதுப்பா’ என்கிறாய். காகிதத்தில் சிக்னல் போகாது, கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும்.

வேனில் தொடக்கத்தில் நீ உன் அம்மாவிடம் போனில் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. ‘மாமா கூட நானும் பார்த்தேன்னு சொல்லிடும்மா, ஒரு வார்த்தைதானே, அதுல சதுப்பு பிழைச்சுக்கும்ல’ என்றாய். அதற்குப் பிறகு நீ எப்போது கேட்டாலும் ‘அப்புறம் சொல்றேன்’ என்று அவள் நழுவிக்கொண்டிருந்தாள். அந்த ஒரு வார்த்தை என்ன ஆயிற்று என்று நடந்ததை நடந்தபடி நான் எழுதுகிறேன். அவள் எழுத மாட்டாள், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த காலமெல்லாம் ஊரார் பேசியது அத்தனையும் காதில் வாங்கிக்கொண்டு வாயைத் திறக்காமல் வீட்டுக்கு வந்தவள், இப்போது மட்டும் எழுதிவிடப் போகிறாளா.

முதலில் உன் மாமாவின் சங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், நீ இங்கிருந்து போன பிறகு முளைத்தது அது. உன் மாமா கல்லூரி முதல்வராக இருந்து ஓய்வு பெற்றார் அல்லவா, வீட்டுக்குள் நுழைந்தால் எழுந்து நிற்க ஆள் இல்லை என்பது முதல் வாரத்திலேயே அவருக்குத் தாங்கவில்லை. அதனால் தன்னைக் கண்டதும் எழுந்து பறக்கிற ஜீவன்களைத் தேடிப் போனார். பறவை நோக்கர் சங்கம் என்று பெயர். ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜர், பல் டாக்டர், இன்னும் வேலை வெட்டியில்லாத நாலைந்து பேர். எல்லோருக்கும் உடம்பெல்லாம் பை தைத்த சட்டை, அந்தப் பைகளில் பிஸ்கட்டைத் தவிர எதுவும் கிடையாது. தலையில் புல் நிறத்தில் தொப்பி, பறவைக்குத் தெரியக்கூடாதாம். தொப்பிக்குக் கீழே பேங்க் மேனேஜரின் வயிறு தெரியாமல் இருக்க என்ன செய்வதென்று யாரும் யோசிக்கவில்லை. புல்வெளியில் நின்று இவர்கள் கிசுகிசுப்பார்கள், அந்தக் கிசுகிசுப்பு எதிர்மேட்டில் மேய்கிற மாடுகளுக்குக் கேட்டு அவை தலையைத் தூக்கிப் பார்க்கும். என் மூக்குக்கண்ணாடிக் கடையில்தான் பைனாகுலர் வாங்குவார்கள், இருப்பதிலேயே பெரிதாகக் கொடு என்பார்கள், திருகிச் சரிசெய்து பார்க்கத் தெரியாது, கழுத்தில் மாட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொள்ளத் தெரியும். விற்றுக் காசு வாங்குகிறவனே பழிக்கிறான் என்று நினைக்காதே, கண்ணாடி விற்கிறவன் வாங்குகிறவர்களின் பார்வையைப் பற்றிப் பேசாமல் வேறு எதைப் பற்றிப் பேசுவான்.

உன் அம்மா இதில் சேர்ந்தது நடைக்காக. ‘வாம்மா, காலாற நடந்த மாதிரி இருக்கும்’ என்று அண்ணன் கூப்பிட்டார், போனாள். அண்ணன் கூப்பிட்டு அவள் போகாத இடம் இல்லை. அவர்கள் அப்பா அம்மா போன பிறகு அவளைப் படிக்க வைத்து, அவள் கல்யாணம் முடியும்வரை தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு, கடைசியில் செய்துகொள்ளாமலே இருந்துவிட்டவர் அவர், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. அவரும் சொல்லிக் காட்டியதில்லை, அவருக்கிருக்கும் ஆயிரம் பீற்றலில் அது ஒன்று மட்டும் கிடையாது. சங்கத்தில் மற்றவர்கள் பேசுவார்கள், இவள் பார்ப்பாள். நான் போட்டுக் கொடுத்த கண்ணாடி, பார்வை சுத்தமாக இருக்கிறது. பார்த்ததை வந்து என்னிடம் இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

நம் தெருக்கோடியில் வீடுகள் முடிந்து புல்வெளி ஆரம்பிக்கிற இடம் உனக்குத் தெரியும். ஒரு மரம் கிடையாது, மேடும் பள்ளமுமாகப் புல், பள்ளங்களெல்லாம் சேருகிற இடத்தில் சதுப்பு, கோரைக்கு நடுவே சிலேட்டு நிறத்தில் தண்ணீர். அதன் கிழக்குச் சரிவில் விடுமுறை வீடுகள் கட்டப்போவதாக ஒரு கம்பெனி வந்தது. பணக்காரர்கள் வருஷத்தில் பத்து நாள் வந்து பனியைப் பார்த்துவிட்டுப் போவதற்காகச் சதுப்பின் ஓரத்தை வடித்து மண்ணைக் கொட்டுவார்களாம். சங்கம் எதிர்த்தது. எப்படி எதிர்த்தது என்கிறாய், உன் மாமா அடிக்குறிப்பெல்லாம் போட்டு ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை வாசித்தார், கேட்டவர்கள் அந்தச் சங்கத்துக்காரர்களே. கம்பெனிக்காரன் கொட்டாவிகூட விடவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் உன் மாமாவும் அம்மாவும் முன்னால் போயிருக்கிறார்கள், மற்றவர்கள் பின்னால் நின்று பிளாஸ்க்கைத் திறந்து டீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். கோரை ஓரத்தில் பெரிய பறவை ஒன்று ஒற்றைக்காலில் நின்றது. உன் மாமா பைனாகுலரைக் கண்ணில் வைத்தார். ‘செங்கழுத்து நாரை’ என்றார். நான் சின்னப் பையனாக இருந்தபோதே இந்தப் பக்கம் வருவதை நிறுத்திவிட்ட பறவை அது. புல்வெளியில் யாராவது தும்மினால்கூட முறைக்கிற மனிதர், அன்றைக்கு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ‘செங்கழுத்து நாரை, செங்கழுத்து நாரை’ என்று கத்தினார். பறவை போய்விட்டது. பல் டாக்டர் டீ டம்ளரைக் கீழே போட்டுவிட்டு ஒரு படம் எடுத்தார். அந்தப் படத்தை நானும் பார்த்தேன், சாம்பல் நிறப் பனியில் சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல், நாரை என்றால் நாரை, துவைத்துப் போட்ட துண்டு என்றால் துண்டு.

அன்று சாயங்காலம் உன் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள், ‘அது சாம்பல் நாரைங்க. தினம் வர்றதுதான். நான் நல்லா பார்த்தேன்.’ நான் சிரித்த சிரிப்பில் எனக்கே புரையேறிவிட்டது. ‘உன் அண்ணன்கிட்ட சொல்ல வேண்டியதுதானே’ என்றேன். ‘அவர் முகத்தை நீங்க பார்க்கல’ என்றாள். யாரிடமும் சொல்லக்கூடாது என்று என் வாயையும் கட்டினாள். என் வாயைக் கட்டுவது எவ்வளவு பெரிய வேலை என்று உனக்குத் தெரியும், அவள் செய்தாள்.

பிறகு பத்திரிகைக்காரன் ஒருவன் வந்தான். உன் மாமா நெற்றியில் கையை வைத்துக்கொண்டு தூரத்தைப் பார்க்கிற மாதிரிப் படம் போட்டான், அவர் பார்த்துக்கொண்டிருந்தது பல் டாக்டர் வீட்டு மாடியை. அதோடு ஊரே புரண்டு வந்தது. எங்கிருந்தெல்லாமோ கார்கள், கார்களில் கழிவுநீர்க் குழாய் நீளத்துக்குக் கேமராக்கள். வண்டியைப் புல்லிலேயே நிறுத்தினார்கள், சக்கரத் தடம் பதிந்த இடமெல்லாம் சேறாகித் தண்ணீர் தேங்கியது. புல்லுக்குள் தரையில் முட்டையிடுகிற வானம்பாடி, நெட்டைக்காலி எல்லாம் போன இடம் தெரியவில்லை, முட்டை மேலேயே முக்காலியை ஊன்றி நின்றுகொண்டு நாரை எங்கே நாரை எங்கே என்றார்கள். ஆள்காட்டிக் குருவி தன் பெயருக்கு ஏற்ப அந்த நாட்கள் பூராவும் தொண்டை கிழியக் கத்தியது, கேட்பார் இல்லை. ஒருவன் ட்ரோன் விட்டான். இன்னொருவன் நேராகச் சதுப்புக்குள் நடந்து இடுப்பு வரை புதைந்து, கயிறு போட்டு இழுத்த பிறகு ‘என் கேமரா நனைஞ்சுடுச்சா’ என்று கேட்டான், உயிர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவில்லை. எல்லோரும் இயற்கையை நேசிக்கிறவர்களாம். இவர்களுக்குப் பதில் எருமைக் கூட்டத்தை விட்டிருந்தால் புல் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். என் கடையில் பைனாகுலர் தீர்ந்துபோனது. நான் விற்கத்தான் செய்தேன், அதைச் சொல்லாமல் விட்டால் நீயே கேட்பாய்.

ஆனால் ஒன்று நடந்தது, கலெக்டர் அலுவலகத்தில் அசைந்துகொடுத்தார்கள். பறவை ஆராய்ச்சி தெரிந்த ஓர் அதிகாரியை அனுப்புகிறோம், செங்கழுத்து நாரை இருப்பது உறுதியானால் கிழக்குச் சரிவில் ஒரு செங்கல்கூட வைக்க முடியாது என்றார்கள். அந்தப் படத்தை அவர்கள் மதிக்கவில்லை. மாமாவுக்கு அடுத்து அந்த இடத்தில் நின்றவள் உன் அம்மா ஒருத்திதான். உடனே அவள் பெரிய மனுஷி ஆகிவிட்டாள். பேங்க் மேனேஜர் வீட்டுக்கு வந்து தட்டில் இருந்த பிஸ்கட் அத்தனையும் தின்றுவிட்டு, ‘ஊருக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா’ என்றார். பல் டாக்டர் வந்து, உண்மை என்பது பல கோணம் உள்ளது என்றார், இவர் நல்ல பல்லைப் பிடுங்கியபோதும் இப்படித்தான் சொல்லியிருப்பார். கடைசியாக உன் மாமாவே வந்தார். ‘நீ என் பக்கத்துலதானேம்மா நின்னே, நீ பார்த்ததைத்தானே சொல்லப்போறே’ என்றார். அவள் டீயை ஊற்றிக் கையில் கொடுத்தாள். அப்புறம் நீ போன் செய்தாய்.

உன் மேல் எனக்கு வந்த எரிச்சலை இங்கே எழுதிவிடுகிறேன். மருந்துப் பரிசோதனைக் கூடத்தில் உட்கார்ந்து, ஒரு குப்பியில் சந்தேகம் என்றாலும் மொத்தத்தையும் கொட்டச் சொல்கிறவள் நீ. அதற்காக மேலதிகாரியோடு சண்டை போட்டதாக நீயே பெருமையாகச் சொன்னாய், நானும் அதைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். அங்கே ஒரு சொட்டு முக்கியம், இங்கே உன் அம்மாவின் ஒரு வார்த்தை இலேசா. அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு சதுப்பைக் காப்பாற்ற வேண்டும் என்று உனக்குத் தோன்றுகிறது, ரொம்பச் சந்தோஷம், அதற்கு உன் வாயைக் கொடு, அவள் வாயை எடுத்துக் கொடுக்காதே.

விசாரணை நூலகக் கூடத்தில் நடந்தது. வந்த அதிகாரி உன் வயதுப் பெண், சேறு காய்ந்த பூட்ஸ், வந்த பிறகு யாருக்கும் சொல்லாமல் சில நாட்கள் சதுப்பிலேயே சுற்றியிருக்கிறாள். கம்பெனிக்காரன் போட்டு வந்த ஷூவில் நீ தலை சீவிக்கொள்ளலாம். உன் மாமா பேசினார், நாரை வந்த திசை, நின்ற நிலை, கழுத்தின் செம்மை, எல்லாம் பாடம் நடத்துகிற மாதிரி. அந்தப் பெண் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டாள். பிறகு உன் அம்மாவைப் பார்த்து, ‘நீங்களும் அங்க இருந்தீங்களாம்மா, என்ன பார்த்தீங்க’ என்றாள். உன் அம்மா எழுந்து நின்றாள். ‘அண்ணன் பக்கத்துலதான் நின்னேன். நான் பார்த்தது சாம்பல் நாரை. அண்ணன் கண்ணுக்கு என்ன தெரிஞ்சுதுன்னு எனக்குத் தெரியாது’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அவ்வளவுதான். பேங்க் மேனேஜர் ‘அடக் கடவுளே’ என்று முனகினார், டெபாசிட் திரும்பக் கேட்டவர்களிடம் முன்பு முனகுவாரே, அதே குரலில். உன் மாமா தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார், வாசலில் படி இருப்பதே தெரியாதவர் மாதிரி காலை வைத்துத் தடுமாறினார், பல் டாக்டர் பிடித்துக்கொண்டார். அவமானத்தில் தடுமாறுகிறார் என்று நான் நினைத்தேன். எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி இருந்தது, மறைக்க மாட்டேன். இத்தனை வருஷமாக எனக்குப் பாடம் எடுத்த மனிதர், ஒரு பொய்யில் மாட்டிக்கொண்டார் என்று.

அந்தக் குளிர்ச்சி வீட்டு வாசல் வரைக்கும்தான் வந்தது. உன் அம்மா ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள், அப்படியே இருட்டும்வரை இருந்தாள். கூட்டம் ஊரை விட்டு ஓடிவிட்டது, நாரை இல்லாத இடத்தில் அவர்களுக்கென்ன வேலை. சங்கத்துக்காரர்கள் அவளைக் கண்டால் எதிர்ப்பக்கம் போனார்கள். பேங்க் மேனேஜர் என் கடையில் கொடுத்திருந்த கண்ணாடி ஆர்டரை ரத்து செய்தார், அடுத்த கடை பஸ் ஏறிப் போகிற தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்ததும் திரும்பி வந்து மறுபடி கொடுத்தார், கொள்கைக்கு அவ்வளவுதான் கால் வலிமை. அதெல்லாம் அவளைத் தொடவில்லை. போன் பக்கத்தில் போய் நிற்பாள், எடுக்க மாட்டாள், திரும்பி வருவாள். சாப்பாட்டைத் தட்டில் போட்டுக்கொண்டு பிசைந்துகொண்டே இருப்பாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. உன் மாமாவை நாலு கேள்வி கேட்டுவிட்டு வருவதென்று ஒரு மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன். போகும் வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே போனேன், நல்ல காரமான வார்த்தைகள். கதவைத் திறந்தவர் ‘யாரு’ என்றார், நான் முகத்துக்கு நேரே நிற்கிறேன். குரலைக் கேட்டபிறகு ‘வாங்க மாப்ளே’ என்றார். பகலிலே வீட்டில் எல்லா விளக்கும் எரிந்தது. பறவைப் புத்தகம் ஜன்னலோரம் திறந்து கிடந்தது, மேலே ஒரு பூதக்கண்ணாடி. எனக்கு டீ ஊற்றினார், பாதி டம்ளரில், பாதி மேஜையில். அவருக்குத் தெரியவில்லை. வாழ்நாள் முழுக்கக் கண்களைப் பார்த்தே சாப்பிட்டவன் நான், அந்த டீ மேஜையில் ஓடியபோதுதான் பார்த்தேன்.

கடைக்கு வந்து உட்காருங்கள் மச்சான் என்றேன். முறுக்கிக்கொண்டார். அவர் கண்ணாடி எல்லாம் பெருநகரத்தில் வாங்குவார், மைத்துனன் கடை நாற்காலியில் உட்கார்ந்து மைத்துனன் காட்டுகிற எழுத்தைப் படிப்பது முதல்வர் பதவிக்கு இழுக்கு. பாதி ஷட்டரை இறக்கிவிடுகிறேன், யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற பிறகு வந்தார். பலகையில் முதல் எழுத்து, கைக்குழந்தை அளவு இருக்கும், அதைப் படித்தார், இரண்டாவது வரியில் ஊகித்தார், பரீட்சையில் விடை தெரியாத மாணவன் மாதிரி கம்பீரமாக ஊகித்தார். டார்ச் அடித்துப் பார்த்தேன். வலது கண் பாப்பாவுக்குப் பின்னால் பழுப்பேறிய புரை, கெட்டியாக. என் கடைச் சுவர் என்ன நிறம் என்று கேட்டேன். செம்மண் நிறம் என்றார். சுண்ணாம்பு அடித்து ஆறு மாதம்கூட ஆகவில்லை அந்தச் சுவருக்கு. அப்போது அவர் மெதுவாகச் சொன்னார், ‘எனக்கு நிஜமாவே செவப்பாத்தான் தெரிஞ்சுது மாப்ளே. நான் பொய் சொல்லல. அவளும் பொய் சொல்ல மாட்டா. அப்ப என்னதான் நடந்துச்சுன்னு உக்காந்து யோசிச்சுட்டே இருக்கேன்.’ மங்கல் ஒரு வருஷத்துக்கு மேலாக இருக்கிறதாம். யாரிடமும் சொல்லவில்லை. ஏன் என்றேன். ‘கண்ணு தெரியாதவனை வச்சுக்கிட்டு பறவைச் சங்கம் என்ன பண்ணும்’ என்றார். பொய்யனைத் திட்டுவதற்காக நான் தயாரித்துக் கொண்டு போயிருந்ததெல்லாம் வீணாய்ப் போனது. முட்டாள் என்று ஒரு வார்த்தை மட்டும் சொன்னேன், அதை அவர் ஒப்புக்கொண்டார், என் நினைவில் அவர் என்னோடு ஒத்துப்போனது அது ஒன்றில்தான்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். உன் அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள், அடுப்பில் இருந்ததை நான் இறக்கி வைத்தேன். அண்ணனும் தங்கையும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. அடுத்த வாரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். கண் டாக்டர் பார்த்துவிட்டு, வலது கண்ணில் புரை, அது எடுத்துவிடலாம், இடது கண்ணில் இருப்பது கண் அழுத்த நோய், அது சத்தமில்லாமல் நரம்பைத் தின்கிறது, இன்னும் சில மாதம் விட்டிருந்தால் அந்தக் கண் மிஞ்சியிருக்காது, போனது போனதுதான், இனிமேல் போகாமல் சொட்டு மருந்தால் பிடித்து நிறுத்தலாம் என்றார். ஆபரேஷன் நடந்தது. உனக்குச் சொல்ல வேண்டாம் என்றது உன் மாமாதான், மருமகள் எதிரில் இன்னும் கழுகுப் பார்வையோடு இருக்க ஆசை. கட்டுப் பிரித்த அன்று உன் அம்மா கட்டில் பக்கத்தில் நின்றிருந்தாள். அவர் இமையைத் திறந்து திறந்து மூடினார். அவளையே வெகுநேரம் பார்த்தார். ‘நீ எப்பம்மா இவ்ளோ நரைச்சே’ என்றார். ‘நீங்க பார்க்காதப்பதான்’ என்றாள் இவள். நான் ஜன்னல் கொக்கி சரியாக மாட்டவில்லை என்று அதைப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆஸ்பத்திரிகளில் எந்தக் கொக்கியும் ஒழுங்காக இருப்பதில்லை.

அதற்கப்புறம் பட்டபாடு இருக்கிறதே. புதுக்கண் வந்தவர் வழியில் ஒரு போர்டை விடாமல் படித்தார். டயர் கடை, மாவு மில், நாய்கள் ஜாக்கிரதை, எல்லாம் சத்தமாக, எழுத்துப் பிழையோடு இருந்தால் பிழையையும் திருத்தி. கார் ஓட்டிய எனக்குத் தலைவலி வந்துவிட்டது. டாக்டர் அனுமதித்த முதல் ஞாயிற்றுக்கிழமை சதுப்புக்குப் போக வேண்டும் என்று நின்றார், நானும் போக வேண்டியதாயிற்று. என் முழங்காலும் நானும் அந்தக் குளிரில். கோரை ஓரத்தில் சாம்பல் நாரை நின்றது. அவர் பைனாகுலரை வைத்து நெடுநேரம் பார்த்தார். ‘சாம்பல் நாரை. செவப்பே இல்ல’ என்று அவராகவே சொன்னார். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். சொன்ன கையோடு, துக்கத்தை மறைக்கவோ என்னவோ, பைனாகுலரைக் கிழக்குச் சரிவுப் பக்கம் திருப்பிக் கம்பெனிக்காரன் நட்டுவைத்திருந்த முளைக்குச்சிப் பலகைகளைப் படிக்க ஆரம்பித்தார். ஒன்றாம் வீடு, இரண்டாம் வீடு, பாதை, கழிவுநீர்த் தொட்டி. உன் அம்மா ‘எது, எங்க’ என்றாள். பைனாகுலரை அவளிடம் கொடுத்தார். அவள் பார்த்துவிட்டு, ‘அண்ணா, அதுக்கு நேர் கீழதானே ஊத்துக்கண்ணு’ என்றாள். நம் ஊர்க் குழாய்க்குத் தண்ணீர் வருவது அந்த ஊற்றிலிருந்து. வருஷம் பூராவும் ஆகாயத்தையே பார்த்துக்கொண்டிருந்த சங்கம், தரையில் நட்டிருந்த பலகையை ஒருநாள் படித்திருக்கவில்லை.

மறுநாள் உன் மாமா அலுவலகத்துக்குப் போனார். நான் கூட இருந்தேன், அதனால் இது கேள்விப்பட்டதல்ல. முதலில், ‘நான் சொன்ன செங்கழுத்து நாரை தப்பு. அது சாம்பல் நாரை. கண்புரையில எனக்கு அப்படித் தெரிஞ்சிருக்கு. என் தங்கச்சி சொன்னதுதான் சரி’ என்றார், குமாஸ்தாக்கள் நிமிர்ந்து பார்க்கும்படி உரக்கச் சொன்னார். இது முடிந்த பிறகுதான் தொட்டி விஷயத்தை எடுத்தார். இரண்டையும் மாற்றிச் சொல்லியிருந்தால் முதலாவதைச் சொல்லாமலே வந்திருக்கலாம். பொறியாளர் வந்து தொட்டிக்குக் குறித்த இடத்தில் குழி வெட்டிப் பச்சைச் சாயம் கரைத்த தண்ணீரை ஊற்றினார். ஒரு வாரத்துக்குள் ஊற்று பச்சையாக வந்தது, ஊரே போய் வேடிக்கை பார்த்தது. கிழக்குச் சரிவு மறுக்கப்பட்டது. கம்பெனிக்காரன் சாலைக்குக் கீழே தள்ளிக் கட்டப் போகிறான், அங்கே கொஞ்சம் புல்வெளி போகும், வானம்பாடி அடுத்த வருஷம் அங்கே வராது, அது தோல்விதான். சதுப்பு தப்பியது. அபூர்வ நாரையும் காப்பாற்றவில்லை, ஆங்கிலக் கட்டுரையும் காப்பாற்றவில்லை, கக்கூஸ் காப்பாற்றியது. சங்கத்துக்காரர்கள் இப்போது தங்கள் போராட்டத்துக்கு வெற்றி என்று சொல்லிக்கொண்டு உன் அம்மாவுக்கு வணக்கம் வைக்கிறார்கள். தலைவராக இருக்கச் சொன்னார்கள், தலைவர் என்றால் பேச வேண்டுமே என்று அவள் மாட்டேன் என்றுவிட்டாள். உன் மாமாவே தொடர்கிறார். முன்னைவிட மோசம், இப்போது மற்றவர்களுடைய கண்ணையும் சேர்த்துச் சந்தேகப்படுகிறார்.

இந்தக் கடிதத்தில் உன்னைக் கொஞ்சம் திட்டியிருக்கிறேன் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். ‘அவளைத் திட்டாதீங்க. அந்த நூலகத்து வாசல் வரைக்கும் நானும் பார்த்தேன்னு சொல்லிடலாம்னுதான் போனேன்’ என்றாள். எனக்கே அன்றுதான் தெரியும். ஏன் மாற்றிச் சொன்னாய் என்று கேட்டேன். ‘அந்தப் பொண்ணு என்ன பார்த்தீங்கன்னு கேட்டா. பார்த்ததைச் சொன்னேன்’ என்றாள். பிறகு அடுப்பைத் தணித்துவிட்டு, ‘சொல்லியிருந்தா அண்ணன் கண்ணை யாருங்க பார்த்திருப்பா’ என்றாள். அதனால் நான் திட்டியதில் பாதியை எடுத்துக்கொள்கிறேன், மீதிப் பாதி உனக்குத்தான், வைத்துக்கொள்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் கோபத்தோடு வெளியே கிளம்பாதீர்கள். நல்ல உடம்போடும் நல்ல மனதோடும் நீண்ட நாள் நிறைவாக இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். மாமாவும் தன் ஆசியைச் சேர்த்து எழுதச் சொன்னார், சேர்த்துவிட்டேன். இனி ஒரு முக்கியமான விஷயம், இதை மட்டும் இரண்டு தடவை படி. கண் அழுத்த நோய் ரத்த உறவில் வருவது, வலிக்காது, காட்டிக்கொடுக்காது. உன் அம்மாவுக்குப் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை. நீ மிச்சம். ஆபரேஷன் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், டாக்டரிடம் போய் உட்கார்ந்தால் ஐந்து நிமிஷம். வேலை இருக்கிறது, கம்ப்யூட்டர் பார்த்துக் கண் வலிக்கிறது அவ்வளவுதான் என்றெல்லாம் எனக்குச் சொல்லாதே, அதைச் சொல்லாத ஆள் இந்த நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை. இந்த ஊரில் இருக்கிற கண்ணெல்லாம் என் கைக்குக் கீழேதான் வந்து போகிறது, பேங்க் மேனேஜர் கண் உட்பட. என் மகள் கண்ணைப் பார்க்க வேறு யாரையோ கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. போய்க் காட்டிவிட்டு எனக்கு எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா